சேம்பா மூடிய கதவு

கம்பாலா,
3 பிப்ரவரி 2014

ஓமாராவுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். நலமா? உன் மனைவி அக்குலுவும் பிள்ளைகளும் நலமா? எள் இந்த வருஷமாவது வீடு வந்து சேர்ந்ததா? சரி, மரியாதை முடிந்தது. இனி சண்டை.

போனில் கேட்காமல் உன் லிரா ஊருக்கு வரும் பஸ் நடத்துநர் கையில் காகிதமாக ஏன் கொடுத்து விடுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். படம் ஓட ஓட மைக்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே ஊர் மொழியில் கதை சொல்லிப் பிழைக்கிறவனை வாயால் ஜெயிக்க முடியாது. காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். நம் கிவும்பி போன வாரம் தங்கையைப் பார்க்க உன் ஊருக்கு வந்திருந்தான். அவன் இங்கே கார் மெக்கானிக்காக இருந்தாலும், 'வற்றிய ஏரி'யில் காப்டன் சேம்பாவாக நடித்ததிலிருந்து கம்பாலாவில் யாரும் அவனை கிவும்பி என்று கூப்பிடுவதில்லை. தெருவில் போனால், "தம்பிய விட்டுட்டு ஓடினவன் வரான் பாரு" என்பார்கள். பாவம், பழகிவிட்டான். லிரா சந்தையில் கூட்டம் கூடியதும், இங்கேயும் திட்டப் போகிறார்கள் என்று நினைத்தானாம். ஒரு பெரியவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா சேம்பா, இங்க என்ன சுத்திக்கிட்டிருக்க? தம்பியக் கூட்டிவரக் கெளம்பலையா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு அம்மா கம்பளிச் சட்டை ஒன்றை அவன் கையில் திணித்து, "இத லூலேகிட்ட குடு சாமி. ஏரிக்கரை குளிரும்" என்றாராம். மச்சான்தான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். கிவும்பி அந்தச் சட்டையோடு என் வாசலில் வந்து நின்று, "இத லூலேகிட்ட எப்படிக் குடுக்கறது, நீயே சொல்லு" என்கிறான்.

ஓமாரா, என் படத்தில் என்ன நடக்கிறது என்று உனக்கே ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். வானத்திலிருந்து வந்தவர்கள் நம் ஏரியை உறிஞ்சிக் குடித்துவிடுகிறார்கள். அவர்களுடைய விண்கலம் ஒன்றை சேம்பா திருடுகிறான். மீனவர்க் குப்பத்துப் பிள்ளைகளை எல்லாம் உள்ளே ஏற்றிவிடுகிறான். கடைசியில் அவன் தம்பி லூலே ஓடி வருகிறான், அவனுக்குப் பின்னாலேயே எதிரிகள். கதவைத் திறந்து வைத்தால் லூலேவோடு அவர்களும் ஏறிவிடுவார்கள். சேம்பா "மன்னிச்சிடு லூலே" என்று சொல்லிவிட்டு நெம்புகோலை இழுக்கிறான். கதவு மூடுகிறது. அவ்வளவுதான். யாரும் யாரையும் கூட்டிவரப் போவதாக எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் நீ என்ன பேசினாய்? எழுது. ஈஸ்டர் முடிந்ததும் மூன்றாம் பாகத்தைப் படம் பிடிக்கிறேன். இதோடு கதை முடிகிறது. உன் பதில் வராமல் அந்தப் படத்தின் டிவிடி தட்டு உன் கொட்டகைக்கு வராது.

நபோசா


லிரா,
9 பிப்ரவரி

மாண்புமிகு இயக்குநர் அம்மையார் அவர்களுக்கு,

எல்லாரும் நலம். எள் பாதி வந்தது, பாதியைக் குருவி தின்றது. அக்குலு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீ திட்டி எழுதியிருக்கிறாய் என்று சொன்னதும், "நல்லா வேணும்" என்றாள்.

நான் ஒளிக்கப் போவதில்லை. சேம்பா வாயைத் திறந்ததும் நான் மைக்கில் சொன்னது இது: "லூலே, கோரைக்குள்ள பதுங்கிக்க. புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு நான் திரும்பி வரேன். வராம இருக்கமாட்டேன்."

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். முதல் நாள் மதியக் காட்சியில் லூலே ஓடி வரும்போதே கொட்டகையில் சத்தம் அடங்கிவிட்டது. உனக்குத் தெரியும், நம் ஜனம் படத்தில் சத்தம் அடங்குகிற ஜனம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். காட்டிலிருந்து வந்தவர்கள் எங்கள் ஊர்களில் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன வருஷங்களில் நீ கம்பாலாவில் இருந்தாய், நானும் உன்னோடு அங்கேதான் இருந்தேன். இங்கே இருந்தவர்கள் ஓடினார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எடுக்க முடியாததை விட்டுவிட்டு ஓடினார்கள். என் கொட்டகையில் ஒரு பெஞ்சு விடாமல் அப்படி ஓடினவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு 'மன்னிச்சிடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாகம் வந்தபோது மாட்டிக்கொண்டேன், உண்மைதான். சேம்பா வேறொரு கிரகத்தில் கதவே இல்லாத ஊர் ஒன்றைக் கட்டி, கதவு வைப்பவனுக்குத் தண்டனை என்று சட்டம் போடுகிறானே, அதற்கு நான் என்ன சொல்வது? "லூலே எந்நேரமும் வரலாம், வரும்போது எந்தக் கதவும் சாத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். கொட்டகையே அழுதது.

இப்போது ஒரே ஒரு வேண்டுகோள். மூன்றாம் பாகத்தில் சேம்பா திரும்பிப் போகட்டும். கோரைக்குள்ளிருந்து லூலே வரட்டும். இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கட்டும். அதை மட்டும் எடுத்துக் கொடு. அதற்கப்புறம் உன் படத்தில் ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன், அக்குலு மேல் ஆணை.

உன் பழைய தோழன்,
ஓமாரா


கம்பாலா,
20 பிப்ரவரி

ஓமாரா,

அக்குலு மேல் ஆணையிடும்முன் அக்குலுவைக் கேட்டாயா?

உன் கடிதத்தை மூன்றாம் முறை படித்த பிறகுதான் கோபம் தணிந்தது. ஆனால் பதில் மாறவில்லை. மாட்டேன்.

நீயும் நானும் கம்பாலாவில் அந்தப் பழைய கொட்டகையில் சேர்ந்து வேலை பார்த்த நாட்களை நினைத்துப் பார். நான் வாசலில் சீட்டுக் கிழிப்பேன், நீ உள்ளே மைக்கோடு நிற்பாய். எத்தனை படம் பார்த்திருப்போம். எல்லாவற்றிலும் கதாநாயகன் எல்லாரையும் காப்பாற்றிவிடுவான். ஊரைக் காப்பாற்றி, பெண்ணைக் காப்பாற்றி, கடைசியில் நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வருவான். எனக்கு எரிச்சலாக வரும். நான் பார்த்த எந்த அண்ணனும் எந்த அம்மாவும் அப்படி எல்லாரையும் காப்பாற்றினதில்லை. நான் ஒரு படம் எடுத்தால் அதில் ஒருவனைக் காப்பாற்றினால் ஒருவனை இழக்க வேண்டும், அந்தக் கணத்தைக் கண்ணை மூடாமல் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சேம்பா அந்த நெம்புகோலை இழுத்ததிலிருந்துதான் எல்லாம் முளைக்கிறது. அவன் தூங்காமல் இருப்பது, கதவில்லாத ஊர் கட்டுவது, கதவில்லாததால் எதிரிகள் நடந்தே உள்ளே வந்துவிடுவது, எல்லாம். திரும்பி வருவேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தால் அது துணிந்து எடுத்த முடிவே இல்லை, வெறும் தந்திரம். ஒருவனைத் தந்திரக்காரனாக்கி நீ அவனைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கதவில்லாத ஊரைப் பார்த்து இங்கே ஆட்கள் சிரித்தார்கள். "மழ பெஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்கள். நீ சொன்ன காரணம் என் வசனத்தைவிட நன்றாக இருக்கிறது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே.

மூன்றாம் பாகத்தில் சேம்பா திரும்பிப் போகிறான். வற்றிய ஏரியின் நடுவில் லூலேவின் எலும்புகளைக் காண்கிறான். எழுதி முடித்துவிட்டேன். அதை உள்ளபடியே சொல்வதாக நீ எழுதித் தந்தால் படம் உனக்கு. இல்லையென்றால் லிரா பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கொட்டகைக்காரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு.

நபோசா


லிரா,
26 பிப்ரவரி

நபோசா,

அவனுக்கே கொடு. எலும்பைப் பற்றி இந்த ஊரில் பேச எனக்கு நாக்கு இல்லை.

ஓமாரா


லிரா,
2 ஏப்ரல்

அன்புள்ள நபோசா,

இனி எழுதுவதில்லை என்று இருந்தேன். எழுத வைத்துவிட்டான் ஒருவன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறானே, அவன்தான். பெயர் ஒதுர். முதலில் அவனுக்குச் சாப்பாடு போடு, அப்புறம் படி.

என் கொட்டகையில் ஜெனரேட்டர் பார்க்கும் ஒங்கோமை உனக்குத் தெரியாது. நான் இங்கே கொட்டகை போட்ட நாளிலிருந்து என்னோடு இருக்கிறான். ஒதுர் அவனுடைய தம்பி. அந்தக் கலவர காலத்தில் ஒங்கோம் சின்னத் தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினான். ஒதுர் பின்னால் கத்திக்கொண்டே வந்தான். ஒங்கோம் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை பிழைத்தாள், இப்போது நர்சு வேலைக்குப் படிக்கிறாள். ஒதுரைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஆறு வருஷம் கழித்துத் தப்பி வந்தான். வந்தவன் ஊரில் தங்காமல் கம்பாலாவுக்குப் போய்ச் சந்தையில் வாழைத்தார் சுமந்தான். இந்த ஜனவரியில்தான் வீடு திரும்பினான். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். உப்பு எடு, கதவைச் சாத்து, மழை வருகிறது என்பதைத் தாண்டி ஒரு பேச்சு கிடையாது.

போன சனிக்கிழமை முதல் பாகத்தை மறுபடி ஓட்டினேன். ஒதுர் டிவி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அவன் அப்படிச் சொல்லலையே."

"எப்படி?"

"திரும்பி வரேன்னு. மன்னிச்சிடுன்னுதான சொன்னான். கம்பாலாவுல இருந்தவன், அந்த லுகாண்டா பாஷ எனக்குத் தெரியும்ணே. ஏன் மாத்தினீங்க?"

"ஒன்ன மாதிரி ஆளுங்க மனசு நோகக் கூடாதுன்னுதாம்ப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். "என்ன மாதிரி ஆளுக்கா? எங்கண்ணன மாதிரி ஆளுக்குன்னு சொல்லுங்க. திரும்பி வரேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் காத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். காட்டுல அப்படிக் காத்துக்கிட்டிருந்த பசங்க இருந்தாங்க. எங்கப்பா வருவாரு, எங்கண்ணன் வருவான்னு. அவங்க யாரும் வீடு வந்து சேரல. எவனும் வரமாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் நானா நடந்து வந்தேன்."

நபோசா, இத்தனை வருஷம் மைக் பிடித்திருக்கிறேன். அந்த மைக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிறகு கேட்டான்: "மூணாவதுல லூலே என்ன ஆகறான்?"

"செத்துட்டான். எலும்புதான் கெடக்கு."

"யாரு முடிவு பண்ணாங்க?"

"படம் எடுக்கிற அம்மா."

"அவங்க வீடு எங்க இருக்கு?"

நான் தடுக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று எழுதவும் மனசு வரவில்லை, நான் சொன்னதுதான் சரி என்று எழுதவும் முடியவில்லை. அவனிடமே பேசிக்கொள்.

ஓமாரா


கம்பாலா,
19 மே

அன்புள்ள ஓமாரா,

உன் ஆள் பத்திரமாக இருக்கிறான். முதல் நாள் நான் போட்ட மட்டோக்கே வாழைக்காய் மசியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, இத நான் வருஷக்கணக்கா சொமந்திருக்கேன், தின்னவும் சொல்றீங்களே" என்றான். இப்போது நானே கேழ்வரகு வாங்கிக் களி கிண்டுகிறேன். என் களியைப் பற்றி அவன் கருத்துச் சொல்வதில்லை. நல்ல வளர்ப்பு.

அவன் வந்த அன்று நீ எழுதியதைப் படித்து முடித்ததும், "லூலே சாகக் கூடாது, அப்படித்தானே? அதைத்தானே கேட்க வந்திருக்கிறாய்?" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "சாகலாம்மா, நெறைய பேரு செத்தாங்க. ஆனா வெளிய நின்னவன் என்ன பண்ணான்னு பாக்காமலே செத்துட்டான்னு எழுதிட்டீங்களே. கதவுக்கு உள்ள இருந்தவனப் பத்தி ரெண்டு படம் எடுத்தீங்க" என்றான்.

அன்று மாலையே எலும்புக் காட்சியைக் கிழித்துப் போட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். இரண்டு படமாக அந்த முடிவு சேம்பாவை என்ன செய்தது என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவுக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது, பிறகு வெறி வந்தது. பதினைந்து நாளில் புதிதாக எழுதினேன். மூன்றாம் பாகம் முழுவதும் லூலேவின் கதை. ஏரியின் அடியில் வானத்தாருக்காகக் குழாய் சுமக்கிறான், அவர்கள் மொழியைக் கற்கிறான், ஒருநாள் அவர்களுடைய குழாய்களைத் திருப்பிவிட்டு ஏரியை மறுபடி நிரப்புகிறான். சேம்பா திரும்பி வரும்போது தண்ணீர் வந்து நிற்கிறது, அவன் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. ஆனால் கேட்டுக்கொள்: முதல் பாகத்தில் மூடிய கதவு மூடியதுதான். அதில் நான் ஒரு துளியும் இறங்கி வரவில்லை.

முதல் இரண்டு பாகத்தில் லூலேவாக நடித்த பையன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். ஒதுரையே நடிக்க வைத்தேன். முகம் மாறினால் என்ன, அத்தனை வருஷத்தில் எவன் முகம்தான் மாறாது.

கடைசிக் காட்சியை எடுத்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டித் தகரத்தில் செய்த நம் விண்கலத்திலிருந்து கிவும்பி இறங்குகிறான். வெள்ளி பூசிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றி, தம்பியின் முன்னால் மண்டியிட்டு அழுகிறான். லூலே அவனைத் தூக்கி நிறுத்தி, "மன்னிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். நான் எழுதியது அப்படி. ஒதுர் சொல்லவில்லை. மறுபடி எடுத்தோம். அப்போதும் சொல்லவில்லை.

"என்னடா, வசனம் மறந்துபோச்சா?" என்றான் கிவும்பி, மண்டியிட்டபடியே.

"மறக்கல. மன்னிக்க இதுல என்ன இருக்கு? கதவ மூடினது சரிதான். நானா இருந்தாலும் மூடியிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒதுர் கிவும்பியைத்தான் பார்த்தான், ஆனால் பேசியது கிவும்பியோடு இல்லை. "நான் திரும்பி வந்து எத்தன நாளாச்சு. நீ ஒருநாள்கூட என்னக் கேக்கல. அங்க என்ன தின்ன, எங்க படுத்த, யாரு அடிச்சா, ஒண்ணும் கேக்கல. என்னப் பாத்தாலே தலையக் குனிஞ்சுக்கற. நீ பண்ணதயே நெனச்சுக்கிட்டிருக்க. எனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒனக்கு வேண்டாமா?"

கிவும்பிக்கு அங்கே வசனமே இல்லையே. மண்டியிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒதுர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போய்விட்டான். நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. படம் அங்கே முடிகிறது. சாப்பாட்டு வேளையில் எல்லாரோடும் உட்கார்ந்து எதுவும் நடக்காதவன்போல் சாப்பிட்டான்.

டிவிடி தட்டை ஒதுர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பஸ் நிலையத்துக்காரனுக்கு இல்லை, உனக்கு. ஒரு நிபந்தனை, அது உனக்கே தெரியும்.

நபோசா


லிரா,
27 மே

அன்புள்ள நபோசா,

பார்த்தேன். நீ எடுத்ததிலேயே இதுதான் உயர்ந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நீ அறியாத ஒன்று உண்டு. ஒங்கோம் படமே பார்ப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டரோடு உட்கார்ந்திருப்பான். படம் அவனுக்குத் தெரியாது, என் குரல்தான் தெரியும். சேம்பா வாக்குக் கொடுத்ததாகத்தான் இன்றுவரை அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒதுர் திரையில் சொன்னதை லுகாண்டாவில் விட்டுவிட்டால் அவனுக்கு ஒன்றும் புரியாது. நான் எங்கள் மொழியில் சொன்னால், அத்தனை பேர் நடுவில், அவன் தம்பி கேட்ட கேள்வியை நான் அவனிடம் கேட்டதாகிவிடும். அவன் நல்லவன், நபோசா. அந்தத் தங்கையைப் படிக்க வைப்பவன் அவன்தான். இதைக் கேட்டு அவன் ஓடிப்போய்விட்டால்? கயிற்றில் தொங்கினால்? எங்கள் ஊரில் அப்படியும் நடந்திருக்கிறது.

அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பேசாமல் இருந்துவிடட்டுமா? பொய்யாக எதுவும் சேர்க்கமாட்டேன். சும்மா இருப்பேன், அவ்வளவுதான்.

ஓமாரா


கம்பாலா,
30 மே

ஓமாரா,

எனக்கும் பயம்தான். ஒதுரிடம் கேள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். அவன் சொல்லச் சொன்னால், ஒரு சொல் விடாமல் சொல்.

நபோசா


லிரா,
9 ஜூன்

அன்புள்ள நபோசா,

ஒதுரிடம் கேட்டேன். "எனக்கு அவங்கிட்ட நேர்ல கேக்க வரலண்ணே. வந்திருந்தா கம்பாலாவுக்கு ஏன் போறேன்? நீங்க சொல்லுங்க" என்றான்.

சனிக்கிழமை காலையில் முதல் பாகத்தைப் போட்டேன். லூலே ஓடி வந்தபோது படத்தை நிறுத்திவிட்டு ஜனத்திடம் சொன்னேன்: "இதுநாள் வரைக்கும் இந்த எடத்துல நான் சொன்னது என் சொந்தச் சரக்கு. சேம்பா அப்படிச் சொல்லல. இப்ப அவன் சொன்னதச் சொல்றேன்." மறுபடி ஓட்டி, "மன்னிச்சிடு லூலே" என்று எங்கள் மொழியில் சொன்னேன். நெம்புகோல் விழுந்தது. பெஞ்சைத் தட்டினார்கள், திட்டினார்கள். "பொய்க்காரா, எங்க துட்டத் திருப்பிக் குடு" என்று ஒருவன் கத்தினான். சிலர் எழுந்து போனார்கள். பலர் போகவில்லை. உன் சேம்பா கதவை மூடியதை என் ஜனம் முதன்முதலாக அன்றுதான் பார்த்தது.

மதியம் மூன்றாம் பாகம். வாசல் வரைக்கும் ஆள். லூலே குழாய் சுமக்கும் இடங்களில் ஒரு சத்தமில்லை. ஏரி நிரம்பியபோது தகரக் கூரை பறந்துவிடும்போல் கூச்சல். அதற்கப்புறம் அந்தக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. தகரத் தடுப்பைப் பார்த்தபடி சொன்னேன். ஒதுர் சொன்னதை, அவன் சொன்ன வரிசையிலேயே, என்ன தின்ன, எங்க படுத்த, யாரு அடிச்சா, எல்லாவற்றையும். கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. மைக்கில் அது எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

படம் முடிந்தது. ஜனம் வெளியே போயிற்று. வழக்கமாக ஒங்கோம் உடனே ஜெனரேட்டரை நிறுத்திவிடுவான். அன்று அது ஓடிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் ஓடினேன். ஒங்கோம் அங்கேதான் இருந்தான். எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தான், துணி அவன் தோளிலேயே கிடந்தது. ஒதுரும் எனக்குப் பின்னால் வந்துவிட்டான்.

ஒங்கோம் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தான். "என்னடா தின்ன?" என்று கேட்டான்.

"எப்ப?"

"மொத நாளு. அங்கேருந்து சொல்லு."

ஒதுர் பெட்ரோல் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஒங்கோம் எதிரே தரையில் உட்கார்ந்தான். ஒதுர் பேச ஆரம்பித்தான். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒங்கோம் மட்டும் காதை அவன் வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அங்கே நிற்கவில்லை. வாசலுக்குப் போய், அடுத்த காட்சி கிடையாது என்று சொல்லி ஆட்களை அனுப்பிவிட்டு, காலிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். யாருக்கும் வேண்டாத விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடைசியில் பெட்ரோல் தீர்ந்து இயந்திரம் தானாக நின்றது. அப்போதும் ஒதுர் பேசிக்கொண்டிருந்தான்.

ஓமாரா